சாவகாசம் ஞானியான கதை

சம்பளப் பட்டியலில் அவருக்கு முறையான ஒரு பெயர் இருந்தது. ஆனால் லாரி ஷெட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்ற டிரைவர்களுக்கு அவர் 'சாவகாசம்'. எல்லாரும் ஏழு மணி நேரத்தில் கடக்கிற தூரத்தை அவர் பதினொரு மணி நேரத்தில் கடப்பார். அது பிறவி நிதானம் இல்லை, சரக்கு கற்றுக்கொடுத்த நிதானம். இருபத்திரண்டு வருஷமாக அவர் லாரியில் ஏற்றிப்போனது கழிப்பறைப் பீங்கான். எல்லாவற்றையும் வைக்கோல் திணித்து மரச்சட்டங்களுக்குள் அடைத்திருப்பார்கள். ஒரு பள்ளத்தில் இவர் அவசரப்பட்டால், எங்கோ ஒரு குடும்பத்தின் அவசரத்துக்கு உதவவேண்டிய பொருள் இரண்டாகப் பிளந்துவிடும்.

ஊர் சுற்றுவது அவருக்கு அறவே பிடிக்காது. வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாமனார். கல்யாணமாகி மூன்றே வருஷம், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போகப் போகப் பழகிவிட்டது. பழகியதே தவிரப் பிடிக்கவில்லை. வெளியூர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. சீட்டில் படுத்தால் முட்டி மடங்கும். மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருப்பார். அந்த எட்டு நாளும் ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கிற கூரையை ஆசை தீரப் பார்ப்பார். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள். எந்த விரிப்பையும் நாலே மடிப்பில் கைக்கடக்கமாக்கிவிடுவாள் என்பதால் அங்கே அவளுக்கு 'மடிப்பக்கா' என்று பெயர். "வீட்டுக்கு வந்தா கட்டிலோட கட்டிலா கெடக்குறீங்க. ஒரு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போகக்கூடாதா?" என்பாள். "எங்க போனாலும் ரோடுதான்" என்று அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதரை நாடோடிகளுக்கெல்லாம் தலைவராக்கியது ஒரு கடைவாய்ப் பல்.

அன்றைக்கு லாரிகளுக்கு எடை பார்க்கிற எடைமேடையில் வண்டியை நிறுத்தியிருந்தார். நல்ல மழை. மூன்று நாளாகப் பல்வலி. கன்னம் உப்பிப்போய், கிராம்பை அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி வைத்த ஒரு இளைஞன் நனைந்த பையோடு வந்து கதவைத் தட்டினான்.

"அண்ணே, எந்தப் பக்கம் போறீங்க?"

அவர் கையால் காட்டினார்.

"என்னையும் ஏத்திக்குங்க. எங்க வேணாலும் எறக்கி விடுங்க. எனக்கு எங்கயும் போக வேண்டியது இல்ல."

ஆளை ஏற்றக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதைச் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் குளிர்காற்று நேராகப் பல்லில் போய்க் குத்தும். வாயைத் திறப்பதைவிடக் கதவைத் திறப்பது சுலபமாகப் பட்டது. திறந்துவிட்டார்.

இரண்டு நாள் பயணம். தாடி வாய் ஓயாமல் பேசினான். அவனும் நண்பர்கள் நாலு பேரும் எழுத்தாளர்களாம். வீடு, சம்பளம், காற்புள்ளி எல்லாமே விலங்கு என்று முடிவுகட்டி, ஆளுக்கொரு திசையாகக் கிளம்பிவிட்டார்களாம். ஒரு வருஷம் சுற்றிவிட்டு வந்து இதுவரை யாரும் எழுதாததை எழுதப்போகிறார்களாம். சாவகாசம் 'ம்' கொட்டினார். 'ம்' கொட்ட வாய் திறக்க வேண்டியதில்லை.

"சரக்கு என்ன அண்ணே?"

கழிப்பறைப் பீங்கான் என்பது வலிக்கிற வாய்க்கு ரொம்ப நீளமான பதில். "வெள்ளை" என்றார்.

மதியம் ஒரு ஆற்றங்கரையில் போலீஸ்காரர் மறித்துத் திருப்பிவிட்டார். "என்னாச்சு அண்ணே?" என்று தாடி கேட்டதற்கு, "பாலம் போச்சு. சுத்தித்தான் போகணும்" என்றார் சாவகாசம். சாயங்காலம் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தியதும் தாடி கதவைத் திறந்தான். கீழே முழங்கால் அளவு சேறு. "எறங்காத" என்றார். மறுநாள் சரக்குக் கிடங்கில் மரச்சட்டங்களை இறக்கியபோது தாடி பக்கத்தில் நின்று, "இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தீங்களே அண்ணே, விட்டுட்டுப் போக மனசு வருதா?" என்று கேட்டான். கேள்வியின் தலையும் அவருக்குப் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஏத்துனதை எறக்கித்தானே ஆகணும்" என்றார். தாடியின் கண் கலங்கியது. வைக்கோல் தூசி என்று நினைத்துக்கொண்டார்.

பிரியும்போது தாடி கடைசியாக ஒன்று கேட்டான். "வீட்ல யார் யார் அண்ணே இருக்காங்க?" அந்த நேரம் பார்த்துக் கிராம்பு பல்லுக்கடியில் போய் மாட்டிக்கொண்டது. வலி உச்சந்தலைக்கு ஏற, கையை உதறினார். தாடி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் சாவகாசம் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பல்லோடு தாடியும் நினைவிலிருந்து போய்விட்டான்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மகள் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிற வேலையில் இருந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். 'இறங்காதவன்' என்று தலைப்பு.

"அப்பா, உங்க வண்டியில எடது கண்ணாடியைப் பச்சை ஒயர் போட்டுக் கட்டியிருக்கும்ல?"

"ஆமா."

"பின்னாடி 'உடையும் பொருள், நெருங்காதே'ன்னு எழுதியிருக்கும்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

மகள் வாசிக்க ஆரம்பித்தாள். "'இரண்டு நாளில் அவன் ஒன்பது சொற்கள் பேசினான். அத்தனையும் எனக்குப் போதுமானவை. அவன் வெண்மையை ஏற்றிச் சென்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை.'"

"அந்தத் தாடியா? கதவைத் தட்டுனதுமே அதைத்தானே கேட்டான்?" என்றார் சாவகாசம்.

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாலம் போனது ஒரு முழு அத்தியாயமாகியிருந்தது. 'பாலங்கள் போய்விட்டன நண்பர்களே, நாம் சுற்றித்தான் போகவேண்டும்' என்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்களாம். 'இறங்காதே' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் பதினோரு பக்க விளக்கம் இருந்தது. சேறு எங்குமே வரவில்லை. சாவகாசத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம், பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மகள் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்காமல் விட்டிருக்கலாம்.

"'உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு பூச்சியை விரட்டுவதுபோல் கையை உதறினான். அவனுக்கு ஊரில்லை, கூரையில்லை, காத்திருக்க ஒரு பெண்ணில்லை. அந்த உதறலில் நான் விடுதலையைக் கண்டேன்.'"

துணி மடித்துக்கொண்டிருந்த மடிப்பக்காவின் கை நின்றது.

"அப்ப இருபத்தஞ்சு வருஷமா உங்க சட்டையை மடிச்சு வச்சது யாரு?"

"பல்லுவலிடீ அது! கிராம்பு..."

"பூச்சியா நானு?"

நாலு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு வந்தது, தண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் வம்பு வந்து சேரும் என்பதை அப்போதுதான் அவர் தெரிந்துகொண்டார். ஐந்தாம் நாள் அவள் தீர்ப்புச் சொன்னாள். "எழுதுன ஆளே மாத்தி எழுதணும். அதுவரைக்கும் நான் இந்த வீட்ல இல்லாதவதான்."

இதற்குள் எடைமேடையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. புத்தகத்தில் இடம் சரியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அதுவும் பச்சை ஒயரும்தான் அதில் சரி. வேலையை விட்ட வங்கி ஊழியர்கள், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த பெண்கள், புதிதாகத் தாடி விட்ட பையன்கள் என்று நனைந்தும் காய்ந்தும் நிற்பார்கள். பச்சை ஒயரைக் கண்டதும் ஓடி வருவார்கள். ஏற்றிக்கொண்டால் பேசாமல் உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது அவருக்குப் பல்வலி இல்லை. மனம் விட்டுப் பேசலாம். ஆனால் அவர் அரிசி விலை, முட்டிவலி என்று ஆரம்பித்தால் அவர்கள் முகம் வாடியது. நன்றாகப் பேசுகிற சாவகாசத்தை யாருக்கும் பிடிக்கவில்லை.

கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த ஒரு பெண்ணிடம் அவர் பொறுமையிழந்து, "பேசாம வீட்டுக்குப் போம்மா. அம்மா தேடுவாங்க" என்றார். அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். "எந்த வீட்டைச் சொல்றீங்க ஐயா?" என்று கேட்டாள். அவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த விடுமுறையில் புத்தகத்தில் இருந்த முகவரியைத் தேடிப் போனார். நாலாவது மாடியில் ஒரு அடக்கமான வீடு. கதவைத் திறந்த தாடிக்குத் தாடி இல்லை. தொப்பை இருந்தது. இடுப்பு வலிக்குப் பட்டை கட்டியிருந்தான். சுற்றுலா அலுவலகத்தில் கையேடு எழுதுகிற உத்தியோகம். சாவகாசத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தான். உள்ளே இருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. அவரா இவரு? தயவுசெஞ்சு எங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க. கடைக்குப் போகச் சொன்னாக்கூட 'எங்கெங்கோ நடந்த காலு'ன்னு காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிறாரு."

அந்த லாரிப் பயணம்தான் தாடியின் முதல் பயணம், அதுவேதான் கடைசியும். அந்த இரண்டு நாளை ஐந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தான். மாதாமாதம் ஒரு சிறுபத்திரிகையில் 'அலைச்சல்' என்று தொடர் வேறு.

"மத்த நாலு பேரும் என்ன ஆனாங்க?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தார் சாவகாசம்.

"ஒருத்தன் ஒரே வாரத்துல வயித்துப்போக்கோட திரும்பி வந்தான். எங்க எல்லார்லயும் தடிமனான புத்தகம் அவனுதுதான். இன்னொருத்தன் பயண ஏஜென்சி வச்சிருக்கான். மூணாவது ஆளு ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கல்யாணம்னு கேள்வி. கவிதை நல்லா இருக்கும்."

"நாலாவது?"

தாடி கொஞ்சம் தயங்கினான். "அவன் நெசமாவே போனான் அண்ணே. போக வேண்டிய எடமெல்லாம் போனான். இப்ப எங்கயோ ஒரு படகுத்துறையில டிக்கெட் கிழிக்கிறானாம். ஒரு வரி எழுதல. எழுத என்ன இருக்குன்னு கேக்குறானாம்."

சாவகாசம் வந்த விஷயத்துக்கு வந்தார். "தம்பி, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதணும்."

"அப்படியா! எப்ப ஆச்சு?"

"நீ வண்டியில ஏர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடி."

தாடியின் முகம் விழுந்துவிட்டது. எழுந்து ஜன்னல் வரை போனான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் புத்தகத்துல மனைவிக்கு எடம் இல்ல."

"ஏன், பக்கம் பத்தலையா?"

"மனைவின்னு ஒருத்தங்க வந்தா, நீங்க வீட்டுக்குப் போற ஆளா ஆயிடுவீங்க. வீட்டுக்குப் போற ஆளை யாரு அண்ணே படிப்பாங்க?"

"நான் வீட்டுக்குப் போறதுக்காகத்தான் தம்பி வண்டியே ஓட்டுறேன்."

தாடி காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான். அவன் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லாக் கேளுங்கண்ணே" என்று சொல்லிப் போனாள். கடைசியில் தாடி ஒரு வழி சொன்னான். அக்காவே தன் பக்கத்தைக் கடிதமாக எழுதட்டும், பத்திரிகையில் ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன் என்றான்.

வீட்டில் வந்து சொன்னபோது மடிப்பக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பாக்காததை நான் எப்படி எழுதுறது? நான் என்ன அந்த எழுத்தாளரா? ஒரு தடவை என்னை அந்த ரோட்டுல கூட்டிட்டுப் போங்க" என்றாள். நாலு நாள் லீவு போட்டாள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதைதான். சாவகாசம் கம்பெனிக்குத் தெரியாமல் மனைவியைக் கடத்திக்கொண்டு போவதுபோல் எடைமேடை தாண்டி ஏற்றிக்கொண்டார்.

அவர் எதிர்பார்த்தது முட்டிவலிப் புலம்பல், வயிற்றுவலிப் புலம்பல். அவள் முதல் இருபது மைல் கண்ணாடியில் மூக்கு ஒட்ட உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். நின்ற இடத்திலெல்லாம் இறங்கினாள். சேறென்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். டீக்கடைக்காரரின் மருமகள் பிரச்சினை, எடைமேடைக்காரரின் ரத்த அழுத்தம், திரும்பக் கட்டிய பாலத்தில் எந்தத் தூண் கோணல் என்பதுவரை அவளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அந்த வழியில் போனவருக்கு அதில் ஒன்றும் தெரியாது.

"இத்தனையும் வெளிய வச்சுக்கிட்டா என்கிட்ட 'எங்க போனாலும் ரோடுதான்'னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. வயசு போய்விட்டதே என்கிற கணக்கு மட்டும் இருந்தது. அது அவருக்குக் கோபத்தைவிட அதிகமாக உறைத்தது. அன்றைக்கு மீதி வழியை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். டீக்கடை வந்த இடத்திலெல்லாம் அவராகவே நிறுத்தினார்.

பன்னிரண்டு பக்கம் எழுதினாள். பல், கிராம்பு, சேறு, வெள்ளை என்றால் என்ன வெள்ளை, அவர் கட்டிலில் கிடக்கிற கிடை, எல்லாம் வந்திருந்தது. 'என் புருஷன் ஞானி இல்லை. ஞானியாக இருந்தால் செருப்பைக் கழற்றிய இடத்தை ஞாபகம் வைத்திருப்பார்' என்று ஆரம்பம். கையெழுத்தாக ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற பெயரையே போட்டாள். மடிப்பக்கா.

தாடி சொன்ன சொல் தவறவில்லை. அப்படியே அச்சிட்டான். அடுத்த வாரம் அவனுக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம் வந்தது. தன்னையே இவ்வளவு துணிச்சலாகக் கிண்டல் செய்துகொண்ட எழுத்தாளர் இதுவரை பிறக்கவில்லை என்று பாராட்டினார்கள். பெண்களின் பேச்சை இவ்வளவு தத்ரூபமாக எழுத இவனால் மட்டும்தான் முடியும் என்றார்கள். ஒரு பேராசிரியர், 'மடிப்பு' என்ற புனைபெயரே சுருங்கிப்போன பயணத்தின் குறியீடு என்று விளக்கினார். நான் எழுதவில்லை, உண்மையிலேயே அப்படி ஒரு அம்மா இருக்கிறார் என்று தாடி அடுத்த இதழில் மறுப்பு வெளியிட்டான். மறுப்பு அதைவிடப் பிரமாதம் என்று கடிதம் வந்தது.

சாவகாசம் பத்திரிகையை மூடி வைத்தார். "உன்னை மறுபடியும் இல்லாதவளாக்கிட்டானுங்களே" என்றார். அவள் அப்போது ரயில் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை விடுங்க. இந்த ரெண்டு மணி வண்டி ஏரிப் பக்கமாப் போகுமா, மலைப் பக்கமாப் போகுமா?" என்றாள்.

மடிப்பக்காவின் கடிதத்தை உண்மை என்று நம்பிய ஒரே ஆள் கம்பெனி மேனேஜர். அவர் தங்கை மகன் அந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர். மேனேஜர் சாவகாசத்தை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பத்திரிகை விரிந்திருந்தது. கழிப்பறை என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் அடிக்கோடு போட்டிருந்தார்.

"வண்டியில ஆளை ஏத்துனீங்களா?"

"ஏத்துனேன் சார்."

"சம்சாரத்தையும்?"

"ஆமா சார்."

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அதனால வேலையை விட்டு அனுப்பல. ஆனா இனிமே நீங்க வண்டி தொடக்கூடாது. இங்கயே கிடங்குல உக்கார வேண்டியதுதான். தெனமும் காலையில எட்டு மணிக்கு வரணும், அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடணும். வெளியூர் கிடையவே கிடையாது. புரியுதா?"

சாவகாசத்துக்கு வாழ்க்கையில் அவ்வளவு சிரமப்பட்டு முகத்தைத் தொங்கப்போட்டது அதுதான் முதல் தடவை. "ஏதோ பாத்துச் செய்யுங்க சார்" என்று குரலைத் தழைத்துக்கொண்டு வெளியே வந்தவர், வாசல் திரும்பும்வரை நடந்தார். திரும்பிய பிறகு ஓடினார்.

கிடங்கில் அவருக்கு வேலை, வருகிற பீங்கானை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது. நல்லது என்றால் மணிபோல் கணீரென்று சொல்லும். கீறல் இருந்தால் தொண்டை கட்டினமாதிரி மந்தமாகச் சொல்லும். நாள் முழுக்கத் தட்டுவார், கேட்பார், ஒதுக்குவார். அஞ்சு மணிக்கு வீடு. பச்சை ஒயர் லாரியை வேறொரு டிரைவர் எடுத்துக்கொண்டார். அவர் வாயாடி, வேகமாக ஓட்டுகிறவர். எடைமேடைக் கூட்டம் இரண்டே மாதத்தில் கரைந்துவிட்டது.

மடிப்பக்காவுக்குத்தான் கால் வீட்டில் தங்கவில்லை. லீவு சேரும்போதெல்லாம் சலவைப் பிரிவுப் பெண்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். போன இடத்திலிருந்து தாடிக்கு நாலு பக்கம் எழுதிப் போடுவாள். தாடி அச்சிடுவான். அவனுடைய எழுத்து மெருகேறிக்கொண்டே வருகிறது என்று ஊர் பேசியது. அவனும் மறுத்து மறுத்து ஓய்ந்துபோய், கடைசியில் 'அலைச்சல்' தொடரை நிறுத்திக்கொண்டான். அப்போதிலிருந்து கடைக்குப் போய்வருகிறானாம். அவன் மனைவி சொன்னது.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வெளியே கண்ணாடி போட்ட, ஓய்வுபெற்ற ஆசிரியை போன்ற ஒரு அம்மா பத்திரிகைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஏறிவந்த படிகளால் மூச்சு வாங்கியது.

"பத்திரிகையில விலாசம் வாங்கிட்டு வந்தேன். மடிப்பக்கான்னு ஒருத்தங்க... என் சிநேகிதிங்க எல்லாரும் அது கட்டுக்கதைங்கறாங்க. ஒரு ஆம்பளைக்கு இது தோணாதுன்னு நான் பந்தயம் கட்டியிருக்கேன். அப்படி ஒருத்தங்க நெசமாவே இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா" என்றார் சாவகாசம். "ஊர்லதான் இல்ல."

"எப்ப வருவாங்க?"

"சொல்லிட்டுப் போகல. உக்காருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அந்த அம்மா உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னலோரக் கட்டில், அதன்மேல் ஒரு தலையணை, கொடியில் அவரே துவைத்து, அவரே கோணலாக மடித்துப் போட்ட ஒரு சட்டை. "அந்த மடிப்பு போதுங்க, நம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.